இரண்டாவது ஸ்டெப்னி

தீர்த்தனின் ஷெட்டுக்குள் நுழைந்ததும் முதலில் என் கண்ணில் பட்டது வண்டி அல்ல. வேலியோரம் எங்கள் வண்டியின் கழிவறை ஒருக்களித்துக் கிடந்தது. வெள்ளை நிறத்தில் ஆள் உயரக் கூண்டு, ஒரு பீரோ அகலம். கதவைத் தனியாகக் கழற்றி வேலிக்கல்லில் சாய்த்து வைத்திருந்தார்கள். உள்ளே இருந்த கோப்பையைப் பிடுங்கி மண்ணில் வைத்திருந்தார்கள். அதன் மூடிமேல் ஒரு கோழி ஏறி நின்று கழுத்தை வெட்டி வெட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. இரவெல்லாம் வெளியில் கிடந்திருக்க வேண்டும். மார்கழிப் பனி இறங்கி மூடியின் குழியில் தண்ணீர் தேங்கியிருந்தது. நல்லம்பள்ளியில் பஸ் ஏறி, கூட்ரோட்டில் இறங்கி, அங்கிருந்து நடந்து வந்த மூச்சு எனக்கு இன்னும் அடங்கவில்லை. அந்த மூச்சோடு அப்படியே நின்றேன்.

"வா வா, உள்ள வந்து பாரு" என்று வண்டிக்குள்ளிருந்து குரல் வந்தது. என் வீட்டுக்காரர். பெயர் முனிராஜ். எங்கள் பக்கம் என் வயதுப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். நானும் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட பதில் சொல்லாமல் கார்டை நீட்டுவேன். ஆனால் கோபம் வந்தால் மனதுக்குள் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். இதை எழுதும்போதும் அப்படித்தான் வருகிறது. கோபம் இன்னும் போகவில்லை என்று அர்த்தம்.

முனிராஜ் வண்டியின் பின்கதவில் வந்து நின்றார். கையெல்லாம் கிரீஸ். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். முப்பத்தொன்பது வருடத்தில் என்னைப் பார்த்து அப்படி ஒருநாள் சந்தோஷப்பட்டிருந்தால் இந்தக் கதையை எழுத வேண்டிய வேலையே இருந்திருக்காது.

"பின்னாடி எவ்ளோ எடம் வந்திருக்குது பாரு வாணி. ரெண்டாவது ஸ்டெப்னி அம்சமா உக்காந்துடுச்சு."

எட்டிப் பார்த்தேன். கழிவறை இருந்த மூலையில் ஒரு டயரை நிறுத்தி பெல்ட் போட்டுக் கட்டியிருந்தது. அதன் பக்கத்தில் ஜாக்கி, டூல்ஸ் பெட்டி, ஒரு சுருள் நைலான் கயிறு, நான்காக மடித்த பச்சைத் தார்ப்பாய். டீசல் வாசனை. தரையில் கூண்டு இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள். அதையும் சிமெண்டு மாதிரி எதையோ வைத்து அடைத்துவிட்டிருந்தார்கள்.

இந்த வண்டியை நான் தேர்ந்தெடுத்தேன். அதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் வாழ்க்கையில் வீடு, நிலம், மாப்பிள்ளை, டிவி, மிக்சி எதையும் நான் தேர்ந்தெடுத்ததில்லை. மிக்சியைக்கூட அவர் சேலத்தில் லோடு இறக்கிவிட்டு வரும்போது வாங்கி வந்தார். இது ஒன்றுதான்.

முனிராஜ் முப்பத்தியொரு வருடம் லாரி ஓட்டினார். போகும்போது சேலத்து ஜவ்வரிசி, வரும்போது காஷ்மீர் ஆப்பிள். நான் அதே ஊரில், அதே பள்ளியில், முப்பத்திரண்டு வருடம் சத்துணவு அமைப்பாளராக இருந்தேன். ஒவ்வொரு தை மாதமும் அவரிடமிருந்து போன் வரும். முதலில் பக்கத்து வீட்டு நம்பருக்கு, அப்புறம் என் கைபேசிக்கு. "பனி கொட்டுது வாணி. மைதா மாவு கொட்டினாப்ல. ரோட்டோரம் எருமச்சாணி குமிச்சு வெச்சிருக்கான், அதுமேலகூட வெள்ளையா." நான் முட்டை எண்ணிக்கொண்டே கேட்பேன். சாணிமேல் வெள்ளையாகப் பனி விழுந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குப் பார்க்க வேண்டும். கோயில் வேண்டாம், தாஜ்மகால் வேண்டாம். மேலே இருந்து அது விழுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

போன மே மாதம் எனக்கு ஓய்வு கொடுத்தார்கள். அவர் மூட்டுவலியால் லாரியை விற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. நான் வாய் விட்டே கேட்டேன். அவரும் சரி என்றார். அதில் குறை சொல்ல முடியாது, உடனே சரி என்றார். ஓசூரிலிருக்கும் எங்கள் மகள் யுவராணி ஒரு வீடியோ அனுப்பினாள். ஒரு கிழவனும் கிழவியும் வேனுக்குள்ளேயே சமைத்து, தூங்கி, குளிரில் ஊர் ஊராகப் போகிறார்கள். கேரவன் என்றால் சினிமாக்காரர்கள் உட்கார்ந்து மேக்கப் போடுகிற வண்டி என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம். முனிராஜுக்குப் பிடித்துவிட்டது. பொங்கல் முடிந்ததும் கிளம்பி இரண்டு மாதம் என்று பேச்சு. பழைய வேன் பார்க்க தீர்த்தனிடம் வந்தோம். தீர்த்தன் அரூர்க்காரன், அவரிடம் கிளீனராக இருந்தவன், இப்போது சேலம் ரோட்டில் பழைய வண்டி வாங்கி விற்கிறான்.

மூன்று வண்டிகள் காட்டினான். ஒன்று, ஓய்வு பெற்ற ஆம்புலன்ஸ். முனிராஜ் அதன் அடியில் போய்ப் படுத்தவர் அரைமணி நேரம் வெளியே வரவில்லை. "என்ஜின்னா இது என்ஜின்" என்று அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது. நான் உள்ளே ஏறினேன். ஸ்ட்ரெச்சர் ஓடுகிற தண்டவாளம் இருந்தது. எத்தனை பேர் இதில் படுத்துப் போய்த் திரும்பி வரவில்லையோ, அதன்மேல் மெத்தை போட்டு என்னால் படுக்க முடியாது என்று இறங்கிவிட்டேன். இரண்டாவது, பள்ளிக்கூட வேன். சன்னலுக்கெல்லாம் கம்பி. முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் கிடந்தது போதும் என்று அதையும் விட்டேன். மூன்றாவது இது. பெங்களூரில் யாரோ புருஷன் பெண்டாட்டி ஆசையாகச் செய்து ஒரு வருடம் சுற்றிவிட்டு விற்றது. கட்டில், சின்ன அடுப்பு, சிங்க்கு, கம்பளம் வைக்கப் பெட்டி. கடைசியில், மூலையில், அந்தக் கூண்டு.

நான் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். உள்பக்கம் விரல் நீளத்தில் ஒரு தாழ்ப்பாள். போட்டேன். மூடியின்மேல் புடவையோடு சும்மா உட்கார்ந்தேன். தலைக்கு மேலே கையளவு சன்னல், அதில் ஒரு துண்டு வானம். வெளியே இரண்டு ஆண்களும் லீஃப் ஸ்பிரிங்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அங்கே இருப்பது அவர்களுக்குத் தெரியாது. வண்டிக்குள் எனக்கென்று ஒரு தாழ்ப்பாள். இரண்டு நிமிடம் உட்கார்ந்திருப்பேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெளியே வந்து, இதுதான் என்றேன். "இதா? பொம்ம வண்டி மாதிரி இருக்குது. சரி, உனக்குப் புடிச்சிருந்தா" என்றார் முனிராஜ். உனக்குப் பிடித்திருந்தால் என்று சொன்ன வாய்தான், ஒரு வாரத்தில் கூண்டைப் பிடுங்கி வேலியோரம் போடச் சொல்லியிருக்கிறது.

பூனாக் கதையைச் சொல்லாமல் இந்தக் கோபம் யாருக்கும் புரியாது. யுவராணி ஆறாவது படிக்கும்போது, முழுப்பரீட்சை லீவில் அவளைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு, ஒரே ஒரு தடவை அவரோடு லாரியில் போனேன். ஜவ்வரிசி லோடு, பூனாவுக்கு. லாரியில் பெண்ணை ஏற்றினால் பார்க்கிறவன் வேறு மாதிரிதான் பார்ப்பான். அதனால் முனிராஜ் எங்கள் கல்யாண போட்டோவை சட்டத்தோடு கழற்றி டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு வந்தார். செக்போஸ்டில் போலீஸ்காரன் டார்ச்சை போட்டோமேல் அடிப்பான், என் முகத்தில் அடிப்பான், மறுபடி போட்டோமேல் அடிப்பான். நான் சிரிக்கக்கூடாது, அழவும் கூடாது, போட்டோவில் இருக்கிற மாதிரி இருக்க வேண்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒண்ணுக்குப் போவதற்குத்தான் வழியில்லை. ஆண்கள் டயருக்குப் பக்கத்தில் நின்று போய்விட்டு வருவார்கள். பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினால் கழிவறையில் பூட்டுத் தொங்கும். சாவி மேனேஜரிடம் இருக்கும். மேனேஜர் சாப்பிடப் போயிருப்பார். டாபாக்களில் பின்பக்கம் காட்டுவார்கள், அங்கே ஏற்கெனவே நான்கு பேர் நின்றுகொண்டிருப்பார்கள். அதனால் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். ஒன்றரை நாள். மே மாதம். கோலாப்பூர் தாண்டும்போது குளிர்க்காய்ச்சல் வந்து, உடம்பு தூக்கிப் போட்டது. அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் மூன்று நாள் படுக்கவைத்து பாட்டில் ஏற்றினார்கள். லோடு லேட் ஆகிவிட்டதென்று என்னைப் படுக்கவைத்துவிட்டு அவர் பூனா போய் இறக்கிவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. அது ஒரு தமாஷ் ஆகிவிட்டது. கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, எங்கே நாலு பேர் சேர்ந்தாலும் முனிராஜ் ஆரம்பிப்பார். "எங்கூட்டுக்காரி பூனா பாக்க வந்தா. பாத்துது என்னான்னா, கோலாப்பூர் ஆஸ்பத்திரி சீலிங் ஃபேனு. தண்ணி குடிக்காம பூனா போவ முடியுமான்னு பந்தயம் கட்டினவ மாதிரி." எல்லாரும் சிரிப்பார்கள். இருபது வருடமாக நானும் கூடச் சிரித்திருக்கிறேன். எத்தனை தடவை சிரித்தேனோ அத்தனை தடவைக்கும் இன்று எனக்கு என்மேலேயே காறித் துப்பலாம் போல இருக்கிறது.

"எதுக்குக் கழட்டுனீங்க?" என்றேன்.

"எத?"

"எதன்னு தெரியாதா? வெளிய கோழி மேயுது பாருங்க, அத."

முனிராஜ் கையைத் துடைத்துக்கொண்டே பொறுமையாகச் சொல்ல ஆரம்பித்தார். அந்தப் பொறுமைதான் எனக்கு இன்னும் எரிச்சல். "பனி ரோட்டுல ஒரு ஸ்டெப்னிய நம்பிப் போவ முடியாது. டயருக்குச் சங்கிலி வேற போடணும், அது ரெண்டு மூட்டை கனம். கூண்டு, தண்ணி டேங்கு, அதுக்கு அடியில ஒரு டேங்கு, எல்லாம் சேந்து பின்னாடி லோடு இழுக்கும். அதவிட, அங்க தண்ணி ராத்திரியில கட்டியாப் போயிடும் வாணி. டேங்கு வெடிச்சிரும். டீசலே ஒறையற ஊரு அது. நான் பாத்திருக்கேன். நீ பாத்ததில்ல."

"அங்க இருக்கற பொம்பளைங்க எல்லாம் போறதே இல்லியா?"

முப்பத்தியொரு வருடம் அந்த ஊருக்குப் போய் வந்தவர். அங்கே பெண்கள் எங்கே போகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. ஒருநாளும் யோசித்திருக்க மாட்டார்.

"அண்ணன் சொல்றதுல பாயிண்ட் இருக்குதுக்கா" என்று தீர்த்தன் பானெட்டுக்குப் பின்னாலிருந்து சொன்னான். நான் திரும்பிப் பார்த்தேன். அவன் மறுபடி பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

"டேங்கு வெடிக்கும்னா என்கிட்டச் சொல்லியிருக்கணும். வேற என்னா வழின்னு ரெண்டு பேரும் பேசியிருக்கணும். சொல்லாம புடுங்கிப் போட்டுட்டு, எடம் வந்திருக்குது பாருன்னா?"

"சர்ப்ரைஸா இருக்கட்டும்னு..." என்றார். உண்மையாகவே அப்படி நினைத்துத்தான் செய்திருக்கிறார். எந்த வண்டி கைக்கு வந்தாலும் முதலில் வேண்டாத கனத்தைக் கழற்றுவது, இரண்டாவது ஸ்டெப்னிக்கு இடம் பண்ணுவது, இதுதான் லாரிக்காரன் வண்டிக்குச் செய்கிற மரியாதை. என் கழிவறை அவருக்கு வேண்டாத கனம். "வழியெல்லாம் இப்ப பங்க்குல பாத்ரூம் கட்டி வெச்சிருக்கான் வாணி. முந்தி மாதிரி இல்ல. நான் பாத்துக்கறேன், வுடு."

நான் பார்த்துக்கொள்கிறேன். பூனாவுக்கும் இதைச் சொல்லித்தான் ஏற்றினார்.

அன்றைக்குத் தொப்பூர்க் கணவாயில் வண்டியை ஏற்றி இறக்கிப் பார்ப்பதாகத் திட்டம். இந்தப் பக்கத்து டிரைவர்கள் எந்த வண்டி வாங்கினாலும் தொப்பூர் இறக்கத்தில் பிரேக்கையும் ஏற்றத்தில் என்ஜினையும் பார்க்காமல் நெடுந்தூரம் எடுக்க மாட்டார்கள். அதிலும் முனிராஜுக்கு ஒரு வழக்கம் உண்டு, காலி வண்டியை ஓட்டிப் பார்க்க மாட்டார். "லோடு இல்லாத வண்டி பொய் சொல்லும்" என்பார். அவரும் தீர்த்தனும் மணல் மூட்டைகளைத் தூக்கி வண்டிக்குள் அடுக்கினார்கள். கட்டிலுக்கடியில் ஆறு, சமையல் மேடைக்கு முன்னால் நான்கு. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். திரும்பி வீட்டுக்குப் போய்விடலாம், பஸ் வரும். போய்விட்டால் அவ்வளவுதான், பனி இல்லை. 'அவதான் வரமாட்டேன்னா' என்று அடுத்த காதுகுத்தில் அதுவும் ஒரு கதையாகிவிடும்.

ஷெட்டின் மூலையில் தண்ணீர் கேன் இருந்தது. ஒரு சொம்பு மொண்டு குடித்தேன். இன்னொரு சொம்பு. பையில் வைத்திருந்த ஒரு லிட்டர் பாட்டிலைத் திறந்து அதையும் நின்றபடியே குடித்தேன். பயணத்துக்கு முன்னால் நான் தண்ணீர் குடித்து இருபது வருடமாகிறது. திருப்பதிக்குப் போனாலும் மேல்மருவத்தூருக்குப் போனாலும் முதல்நாள் இரவே நிறுத்திவிடுவேன். வயிறு கனத்துத் தொங்கியது.

"என்னா இவ்ளோ தண்ணி குடிக்கற?" என்றார் முனிராஜ்.

"லோடு இல்லாம சோதிக்கக் கூடாதுன்னு சொன்னீங்க இல்ல" என்றேன். "நானும் ஏத்திக்கிட்டேன். போலாம்."

அவருக்குப் புரியவில்லை. சிரித்துக்கொண்டே போய் ஸ்டீயரிங்கைப் பிடித்தார். தீர்த்தன் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் பின்னால், கட்டில் விளிம்பில், இரண்டாவது ஸ்டெப்னிக்கு எதிரே.

டோல்கேட் தாண்டியதும் காற்று மாறியது. பத்து மணிக்கும் மலைமேல் பனிமூட்டம் கலையவில்லை. இறக்கம் தொடங்கிய இடத்தில் முனிராஜ் இரண்டாவது கியருக்கு வந்தார். "பிரேக்கு கேக்குது பாத்தியா" என்றார் தீர்த்தனிடம். மணல் மூட்டைகள் ஒருமுறை முன்னுக்கு நகர்ந்தன. அடுத்த வளைவில் முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு எரிந்தது, அதற்கு முன்னாலும் எரிந்தது, அப்படியே வளைவு முழுக்கச் சிவப்பு. நின்றுவிட்டோம். தீர்த்தன் இறங்கிப் போய் விசாரித்துவிட்டு வந்தான். ரெட்டைப் பாலத்துக்கிட்ட ஒரு கண்டெய்னர் குறுக்கே சாய்ந்து கிடக்கிறது, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, கிரேன் வர வேண்டும். எவ்வளவு நேரம்? ஒரு மணியோ, இரண்டு மணியோ.

பின்னால் பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய வரைக்கும் லாரி. இடது பக்கம் நெட்டுக்குத்தாக வெட்டிய பாறை, வண்டிக்கும் பாறைக்கும் நடுவே நாலடி மண்வரப்பு. வலது பக்கம் ரோடு நிறைய வண்டி. ஐந்து நிமிடத்தில் ஆண்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். பாறையைப் பார்த்துக்கொண்டு வரிசையாக முதுகுகள். லுங்கி, பேண்ட், ஒரு காலேஜ் டீசர்ட், ஒரு வெள்ளை வேட்டி. யாரும் யாரையும் கேட்கவில்லை. முனிராஜும் இறங்கினார். போய்விட்டு, காலை உதறிக்கொண்டு வந்து, பாட்டிலில் கை நனைத்து, சீட்டுக்கடியிலிருந்து பிஸ்கட் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். "இந்தா, சாப்பிடு" என்று என் பக்கம் நீட்டினார்.

அந்த பிஸ்கட்டை அவர் முகத்திலேயே விட்டெறிந்திருப்பேன். தீர்த்தன் இருந்தான்.

"எனக்கு ஒண்ணுக்கு வருது" என்றேன்.

"டோல்கேட்டுலயே சொல்லியிருக்கக் கூடாதா?"

"அப்ப வரல. இப்ப வருது."

"கொஞ்சம் பொறுத்துக்க. கீழ தொப்பூர் போனா..."

"பொறுக்க முடியாது. ரெண்டு லிட்டருக்கு மேல குடிச்சிருக்கேன். சோதிக்கத்தான வந்தோம்? வண்டி பாஸா பெயிலான்னு பாத்துச் சொல்லுங்க."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பிஸ்கட்டோடு கை அப்படியே நின்றது. என் முகத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடி வழியாக முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். இறங்கி, முன்பக்கம் இருபது வண்டி தூரம் நடந்து போனார். திரும்பி வந்து பின்பக்கம் போனார். மூட்டுவலிக்காரர், இறக்கத்தில் காலை இழுத்து இழுத்து நடந்தார். இங்கிருந்து ஜம்மு வரைக்கும் எந்த டாபாவில் எந்தப் பருப்பு நன்றாயிருக்கும், எந்த வளைவுக்குப் பிறகு எந்தப் பாலம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற மனுஷன். வீட்டிலிருந்து அரைமணி தூரத்தில், தன் பெண்டாட்டி உட்கார ஒரு இடத்தைத் தேடி அலைந்தார். ஒரு இடமும் இல்லை. அதைப் பார்க்க எனக்கு இரக்கம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. நல்லா நடக்கட்டும் என்றுதான் இருந்தது. ஆனால் எனக்கும் அடிவயிறு முள்ளாகக் குத்த ஆரம்பித்திருந்தது. இரண்டு கையாலும் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். நெற்றி வேர்த்தது. அவரைச் சோதிக்கக் குடித்த தண்ணீர் என்னையும்தான் சோதித்தது.

தீர்த்தன் நிலைமையைச் சமாளிக்கிறானாம். முன்சீட்டிலிருந்து திரும்பி, பல்லைக் காட்டினான். "பாத்துக்கா, பூனா மேட்டர் மாதிரி ஆயிடப் போவுது. கோலாப்பூர் ஃபேனு..."

"வாய மூடுறா" என்றார் முனிராஜ், கதவருகே நின்று. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. இருபது வருடத்தில் அந்தக் கதைக்கு அவர் சிரிக்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை. தீர்த்தன் இறங்கி, பீடியை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போய்விட்டான்.

முனிராஜ் பின்கதவைத் திறந்து, இரண்டாவது ஸ்டெப்னிக்குப் பக்கத்திலிருந்து தார்ப்பாயை இழுத்தார். உதறினார். புதுத் தார்ப்பாய், படபடவென்று சத்தம். கயிற்றை வண்டியின் மேல் கம்பியில் எறிந்து, லாரிக்காரன் போடுகிற முடிச்சை இரண்டு இழுப்பில் போட்டார். வண்டியோரம் ஒரு முனை தொங்கிவிட்டது. மறுமுனையைக் கட்டப் பாறையில் ஒரு பிடியும் இல்லை. பின்பக்கம் வண்டிக்கும் பாறைக்கும் நடுவே திறப்பு, அங்கே நின்று அவரே கையால் விரித்துப் பிடிக்க வேண்டியிருந்தது. முன்பக்க மூலையை வண்டிக் கதவைத் திறந்து மறைத்தார்.

அடுத்த லாரியின் கிளீனர் ஒருவன், "என்னா பெரியவரே, கடை போடறீங்களா?" என்று கத்தினான். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"எம் பொண்டாட்டி ஒண்ணுக்குப் போறா" என்றார் முனிராஜ். கணவாய் முழுக்கக் கேட்கிற மாதிரி. "அந்தப் பக்கம் திரும்பி நில்லுய்யா. எல்லாரும் திரும்புங்க."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இப்படி ஊர் கேட்கத் தம்பட்டம் அடிக்கச் சொல்லி யார் கேட்டது? இறங்கவே மாட்டேன் என்று ஒரு கணம் கட்டிலை இறுக்கினேன். ஆனால் சிரிப்பு நின்றுவிட்டிருந்தது. சன்னல் வழியே பார்த்தபோது, லுங்கிக்காரர்களும் காலேஜ் டீசர்ட்டும் சாலையின் மறுபக்கத்தைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தார்கள். ஒரு காரிலிருந்து ஒரு பெண் என்னை நேராகப் பார்த்தாள். அவள் மட்டும் திரும்பவில்லை. அவளுக்கும் வந்திருக்கும் என்று தோன்றியது.

இறங்கினேன். பாறைக்கும் வண்டிக்கும் நடுவே, பச்சை வெளிச்சத்தில், ஈரமண்ணில் உட்கார்ந்தேன். பாறையிலிருந்து குளிர் முதுகில் ஏறியது. தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் முனிராஜின் உடம்பு நிழலாகத் தெரிந்தது. விளிம்பைப் பிடித்த பத்து விரல்கள் மட்டும் இந்தப் பக்கம். நகக்கண்ணில் கிரீஸ். கீழேயிருந்து காற்று வந்து தார்ப்பாயை இழுத்தது, விரல்கள் நழுவின, மறுபடி பிடித்தன. நான் ஆற அமரப் போனேன்.

அந்த நேரம் பார்த்துக் கீழே ஒரு ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. என்ஜின்கள் ஒவ்வொன்றாக உறுமின. "அண்ணா, வுட்டுட்டான்! ஒரு லைன் வுட்டுட்டான்! வண்டிய எடுங்க!" என்று தீர்த்தன் ஓடி வருகிற சத்தம். எங்களுக்கு முன்னால் இருந்த லாரி நகர்ந்தது தரை அதிர்ந்ததில் தெரிந்தது. பின்னால் இருக்கிற அத்தனை வண்டியும் எங்களைப் பார்த்து ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. பாறையில் மோதி அது இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது.

"அண்ணா, போலீசு வராங்க, வண்டிய எடுக்கச் சொல்றாங்க!"

முனிராஜ் அசையவில்லை. விரல்கள் அப்படியே இருந்தன. எத்தனையோ செக்போஸ்டில் போலீஸ் என்றதும் ஓடி இறங்கிய மனுஷன்.

"வாணி" என்றார், மெதுவாக, தார்ப்பாயின் அந்தப் பக்கத்திலிருந்து. "ஆச்சா?"

எனக்கு எப்போதோ முடிந்துவிட்டிருந்தது. எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு பாறையில் சாய்ந்து நின்றேன். மலையிடுக்கில் இருந்த மூட்டம் மெல்ல இறங்கி, தார்ப்பாயின் மேல்விளிம்பில் வெள்ளையாகப் படிந்துகொண்டிருந்தது. ஹாரன்கள் விடாமல் கத்தின. காற்று ஒருமுறை பலமாக இழுத்ததில் அவர் விரல் நுனிகள் வெளுத்துப்போயின.

"இன்னும் ஆவல" என்றேன். "நல்லாப் புடிங்க."